டாங்கோ பாடல்களில் காதலும் கிராமத்து ஏக்கமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டாங்கோ என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது நடனம்தான். அந்த இசைக்கு வரிகளும் உண்டு. 1917 தொடங்கி 1950களின் நடுப்பகுதி வரை எழுதப்பட்டவை இன்றும் பாடப்படுகின்றன. அவற்றைக் கேட்கத் தொடங்குபவர்கள் வழக்கமாக எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். பாடல்களின் கருத்தை என் சொற்களில்தான் தருகிறேன். ஸ்பானியப் பெயர்களைக் காதில் விழுகிறபடி எழுதியிருக்கிறேன்.

டாங்கோ நகரத்து இசைதானே? அதில் கிராமம் எங்கிருந்து வந்தது?

நகரத்து இசைதான், சந்தேகமே இல்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், லா பிளாட்டா ஆற்றின் இரு கரைகளிலும் அது பிறந்தது. ஒரு கரையில் அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸ், மறுகரையில் உருகுவேயின் மொன்டேவீடியோ. ஆனால் அந்த நகரம் எந்த வேகத்தில் வளர்ந்தது என்று பார்க்க வேண்டும். 1869 கணக்கெடுப்பில் புவெனஸ் ஐரிஸில் ஏறக்குறைய 1,87,000 பேர் இருந்தார்கள். 1914இல் 15 லட்சத்தைத் தாண்டிவிட்டது. அதில் பாதிப் பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள், பெரும்பாலும் இத்தாலியர்களும் ஸ்பானியர்களும். அவர்களில் ஆண்கள்தான் அதிகம். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு, ஒரே முற்றத்தைச் சுற்றிப் பல அறைகள் கொண்ட நெருக்கடியான வாடகைக் குடியிருப்புகளில் தங்கினார்கள்.

அதே காலத்தில் பாம்பாஸ் புல்வெளியில் கம்பி வேலி வந்தது, ரயில் வந்தது. வேலியில்லாத வெளியில் குதிரை மேலேறி மாடு மேய்த்துத் திரிந்த கௌச்சோக்களின் வாழ்க்கை சுருங்கியது. சிலர் பண்ணைக் கூலிகள் ஆனார்கள். பலர் நகரத்தின் விளிம்புக்கு வந்து சேர்ந்தார்கள். மாட்டுத் தொட்டி, கசாப்புக் கூடம், வண்டிப்பேட்டை என்று அவர்கள் கைக்குப் பழகிய வேலைகள் அங்கேதான் கிடைத்தன.

இந்த விளிம்புக்கு 'அர்ரபால்' என்று பெயர். கல் பாவிய தெரு ஒன்று கொஞ்ச தூரத்தில் மண் சாலையாகி, அப்புறம் வண்டித்தடமாகி, கடைசியில் புல்லுக்குள் போய் மறையும். ஒரு பக்கம் விளக்குக் கம்பம், மறுபக்கம் தவளைச் சத்தம். டாங்கோ வளர்ந்தது இங்கே.

அதனால் டாங்கோவில் வரும் கிராமம் பெரும்பாலும் எங்கோ தொலைவில் கிடக்கும் ஊர் அல்ல. நகரத்துத் தார்ச்சாலைக்கு அடியில் புதைந்துபோன ஊர் அது. பாடுகிறவன் ஊரை விட்டு எங்கும் போகவில்லை. நின்ற இடத்திலேயே நிற்கிறான். ஊர்தான் அவனை விட்டுப் போய்விட்டது, காதலியும் போய்விட்டாள். இந்த இரண்டு இழப்புகளும் ஒன்றாகிப் போவதுதான் டாங்கோ வரிகளின் உயிர் என்று நான் நினைக்கிறேன். 1926இல் பெஞ்சமின் தாக்லே லாரா எழுதிய 'புவெந்தே அல்சீனா' இதை நேரடியாகவே கேட்கிறது: என் பேட்டை எங்கே, நான் பிறந்த தொட்டில் எங்கே? தார் வந்து ஒரே வீச்சில் அழித்துவிட்டதே!

காதல் தோல்வி எப்போது டாங்கோவின் முக்கியப் பொருளானது?

1917 என்று சொல்வது வழக்கம். அதற்கு முந்தைய டாங்கோக்களில் பலவற்றுக்கு வரிகளே கிடையாது. இருந்தவையும் கேலி, வீராப்பு, கொச்சை என்ற அளவில் நின்றன. சாமுவேல் காஸ்திரியோத்தா அமைத்த ஒரு மெட்டுக்குப் பாஸ்குவால் கொன்துர்சி வரிகள் எழுதினார். அதுதான் 'மி நோச்சே த்ரிஸ்தே', அதாவது 'என் சோக இரவு'. டாங்கோவின் புகழ்பெற்ற பாடகர் கார்லோஸ் கார்தெல் அதைப் பாடிப் பதிவு செய்தார்.

காதலி விட்டுப்போன அறையில் ஒருவன் தனியாக இருக்கிறான். கித்தார் அலமாரிக்குள் தொங்குகிறது, யாரும் மீட்டுவதில்லை. முகம் பார்க்கும் கண்ணாடி மங்கிக் கிடக்கிறது, அவள் போனதற்கு அழுததோ என்னவோ. விளக்குக்கும் எரிய மனம் வரவில்லை. மாத்தே பானத்தோடு சாப்பிட அவன் இன்னமும் பிஸ்கட் வாங்கி வருகிறான், அவள் இருந்தபோது வாங்கியது போலவே. ராத்திரி படுக்கும்போது கதவைச் சாத்த முடியவில்லை. திறந்து கிடந்தால் திரும்பி வருவாள் என்று ஒரு நப்பாசை.

பிஸ்கட்டும் திறந்த கதவும் எனக்கு மிகவும் பிடித்த இடங்கள். முழுக்க முழுக்க நகரத்து வாடகை அறைதான். ஆனால் அதில் இருக்கும் கித்தாரும் மாத்தேயும் புல்வெளியிலிருந்து அவனோடு வந்தவை.

கார்தெல் முதலில் நாட்டுப்புறப் பாடகராகத்தான் இருந்தாரா?

ஆமாம். 1912இல் அவர் செய்த முதல் பதிவுகள் கித்தாரை வைத்துப் பாடிய கிராமியப் பாட்டுகள். பிறகு ஹோசே ரஸ்ஸானோவோடு சேர்ந்து இரட்டையராகப் பல ஆண்டுகள் அதே வகைப் பாட்டுகளைத்தான் மேடை மேடையாகப் பாடினார். டாங்கோ பாடத் தொடங்கிய பிறகும் அவருக்குத் துணை பெரும்பாலும் கித்தார்கள்தான். பெரிய வாத்தியக் குழுவோடு பாடியது குறைவு.

அவருக்கும் முன்னால் 'பயாதோர்' என்ற பாடகர்கள் இருந்தார்கள். கையில் கித்தாரோடு எதிரெதிரே உட்கார்ந்து, அந்த இடத்திலேயே அடி கட்டிப் பாடிப் போட்டி போடுவார்கள். ஆப்பிரிக்க வம்சாவளியைச் சேர்ந்த கபீனோ எசேய்சா இவர்களில் பெரும் பெயர் பெற்றவர். 1916இல் இறந்தார். 'மிலோங்கா' என்ற பாட்டு வடிவத்தை இத்தகைய போட்டிகளில் நிலைநிறுத்தியவராக அவரைச் சொல்வார்கள். டாங்கோவின் வேர்களில் ஒன்று அந்த மிலோங்கா. எதிரில் இருப்பவரிடம் நேராகப் பேசும் குரல் டாங்கோவுக்கு வந்தது இந்த வழியில்தான்.

'காமினீத்தோ' ஏன் இவ்வளவு புகழ்பெற்றது?

ஒரு ஒற்றையடிப் பாதையோடு ஒருவன் பேசுகிறான், பாட்டில் அவ்வளவுதான் நடக்கிறது. கபீனோ கோரியா பெஞலோசாவின் வரிகளுக்கு ஹுவான் தெ தியோஸ் ஃபிலிபெர்த்தோ இசையமைத்து, 1926இல் வெளிவந்தது.

காலம் அழித்துவிட்ட பாதையே, எங்கள் இருவரையும் சேர்ந்து போகப் பார்த்தாயே, என் துயரத்தைச் சொல்லக் கடைசி முறையாக வந்திருக்கிறேன் என்று தொடங்குகிறான். அன்றைக்கு அந்தப் பாதையின் ஓரத்தில் தீவனப்புல்லும் பூத்த கோரையும் இருந்தன. இன்றைக்கு முட்செடி மூடிவிட்டது. நீயும் கூடிய சீக்கிரம் ஒரு நிழலாகிவிடுவாய், என்னைப் போல என்கிறான். அப்புறம் ஒரு வேண்டுகோள்: அவள் மறுபடி இந்த வழியாக வந்தால், என் கண்ணீர் உன் மண்ணை நனைத்ததை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதே.

அவள் யார், எதற்காகப் போனாள் என்று ஒரு வார்த்தை இல்லை, அவள் முகம் எப்படி இருக்கும் என்பதும் இல்லை. பாதையில் முளைத்திருந்த செடிகளின் விவரம் மட்டும் இருக்கிறது. காதலின் கதை முழுவதையும் பாதையோரத்துச் செடிகள் மாறியதை வைத்தே சொல்லிவிடுகிறார்! புல் இருந்த காலம் காதல் காலம், முள் வந்தது பிரிவுக் காலம். இவ்வளவு சிக்கனமாகப் பிரிவைச் சொன்ன பாட்டுகள் குறைவு. கடைசியில் அவன் ஆறுதல் தேடவில்லை. உன் பக்கத்திலேயே விழுந்து கிடக்கிறேன், காலம் நம் இருவரையும் சேர்த்தே கொல்லட்டும் என்று பாதையிடம் கேட்கிறான். அவளோடு வாழ முடியாதவன் பாதையோடு சாக விரும்புகிறான்.

அந்தப் பாதை லா போக்காவில் இருக்கும் வண்ணத் தெருவா?

புவெனஸ் ஐரிஸின் லா போக்கா துறைமுகப் பகுதியில் 'காமினீத்தோ' என்ற பெயரில் ஒரு தெரு உண்டு. நீலமும் மஞ்சளும் சிவப்புமாகத் தகரச் சுவர்கள், சுற்றுலாக் கூட்டம். கைவிடப்பட்ட ரயில் தடம் ஒன்று கிடந்த இடம் அது. ஓவியர் பெனீத்தோ கின்கேலா மார்த்தீனின் முயற்சியால் சீரமைக்கப்பட்டு, 1959இல் திறந்தவெளி அருங்காட்சியகமாக அறிவிக்கப்பட்டது. ஃபிலிபெர்த்தோ அந்தப் பகுதிக்காரர், அவருக்குச் செய்த மரியாதையாகத்தான் பாட்டின் பெயரைத் தெருவுக்கு வைத்தார்கள்.

கவிஞர் மனதில் இருந்த பாதையோ நாட்டின் வடமேற்கே லா ரியோஹா மாகாணத்தில், ஓல்தா என்ற சிற்றூரில் இருந்தது. பாட்டில் கோரையும் புல்லும் வருவது அதனால்தான்.

ஓமேரோ மான்சி யார்? 'சூர்' பாட்டை ஏன் எல்லோரும் உச்சம் என்கிறார்கள்?

மான்சி டாங்கோ பாடலாசிரியர். 1907இல் சாந்தியாகோ தெல் எஸ்தேரோ மாகாணத்தின் அஞாத்தூயா ஊரில் பிறந்தவர். வறண்ட உள்நாட்டுப் பகுதி அது. சின்ன வயதிலேயே புவெனஸ் ஐரிஸுக்கு வந்து, தெற்கே பொம்பேயா பகுதியில் பள்ளிக்கூடம் போனார். அந்தக் காலத்துப் பொம்பேயா ரியாச்சுவேலோ ஆற்றை ஒட்டிய தாழ்வான பகுதி. மழை பெய்தால் வெள்ளம், மற்ற நாளில் சேறு. ரயில் மேடு, குட்டை, சரக்கு வண்டிகள், நடுநடுவே வெறும் மனை. ஊர்ப்பிள்ளை ஒருவனுக்கு நகரமும் புல்வெளியும் கலந்த இந்த இடம் எப்படிப் பட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். வாழ்நாள் முழுக்க அவர் இதையே எழுதினார்.

'சூர்' என்றால் தெற்கு. 1948இல் வந்தது. இசை அனிபால் த்ரோய்லோ. அவருடைய குழுவில் முதலில் பாடியவர் எத்முந்தோ ரிவேரோ. சான் ஹுவான் தெருவும் போயேதோ தெருவும் சந்திக்கும் மூலையில் பாட்டு தொடங்குகிறது. அங்கிருந்து பார்வை தெற்கே போகிறது: வானம் முழுவதும், பொம்பேயா, அதற்கு அப்பால் வெள்ளம். நடுவே அவளுடைய கூந்தல் நினைவில் வருகிறது. மறுபடி இடங்கள்: கொல்லர் பட்டறை மூலை, சேறும் புல்வெளியும், உன் வீடு, உன் வீட்டு நடைபாதை, பக்கத்தில் நீரோடும் பள்ளம். கடைசியாக ஒரு வாசனை, காட்டுச்செடியும் குதிரை மசாலும் கலந்த வாசனை. அது வந்து நெஞ்சை மறுபடி நிறைக்கிறது.

குதிரை மசால் என்பது தீவனப்பயிர். காதல் பாட்டில் மல்லிகையோ ரோஜாவோ வரவேண்டிய இடத்தில் மான்சி மாட்டுக்கும் குதிரைக்கும் போடும் தீவனத்தின் வாசனையை வைக்கிறார். பொம்பேயாவில் வண்டிக் குதிரைகள் நிறைய, அவற்றின் தீவனக் கட்டுகளும் நிறைய. அவளைப் பார்க்கப் போகும் வழியெல்லாம் அந்த வாசனைதான் அடித்திருக்கும். சொன்ன இடம் உண்மை, அதனால் காதலும் உண்மையாகப் படுகிறது.

பல்லவியில் அவன் அவளிடம் 'இனிமேல்' என்று பேசத் தொடங்குகிறான். கடைக் கண்ணாடியில் சாய்ந்துகொண்டு உனக்காகக் காத்திருந்த என்னை இனிமேல் நீ பார்க்கப் போவதில்லை. பொம்பேயாவின் இரவுகளில் நாம் சண்டையில்லாமல் நடந்தோமே, அந்த நடைக்கு நான் இனி நட்சத்திரங்களால் வெளிச்சம் தரப் போவதில்லை. தெருக்களும், நிலாக்களும், உன் ஜன்னலில் நின்ற என் காதலும், எல்லாம் செத்துவிட்டன, எனக்குத் தெரியும். இந்தப் பட்டியலில் காதலும் தெருவும் ஒரே வரிசையில் நிற்பதைக் கவனிக்க வேண்டும். பிறகு பேட்டை மாறிவிட்ட துக்கத்தையும் செத்துப்போன கனவின் கசப்பையும் அடுத்தடுத்து வைக்கிறார். எது பெரியது என்று தரம் பிரிக்கவில்லை.

மான்சி 1951இல் 43 வயதில் புற்றுநோயால் இறந்தார். த்ரோய்லோ அவருக்காக 'ரெஸ்பொன்சோ' என்ற இசைத்துண்டை எழுதினார். சான் ஹுவான், போயேதோ தெருக்கள் சந்திக்கும் மூலை இன்று மான்சியின் பெயரால் அழைக்கப்படுகிறது.

கிராமத்துத் தொழிலாளிகள் டாங்கோவில் வருகிறார்களா, வெறும் ஏக்கம் மட்டும்தானா?

வருகிறார்கள். மான்சியின் 'மனோபிளாங்கா'வில் ஒரு வண்டிக்காரர் இருக்கிறார். அந்தோனியோ தெ பாஸ்ஸியின் பழைய மெட்டுக்கு மான்சி பின்னாளில் எழுதிய வரிகள் அவை. வண்டியில் பூட்டியவை இரண்டு குதிரைகள், ஒன்றின் பெயர் போர்த்தேஞீத்தோ, மற்றதன் பெயர் மனோபிளாங்கா. மேட்டில் வண்டி திணறுகிறது. பல்லவி முழுக்க அவர் குதிரைகளைப் பெயர் சொல்லி அதட்டுவதும் கெஞ்சுவதும்தான்: இழுங்கடா, மேடு வருது, இன்னும் கொஞ்சம்தான், சரி சரி, ஏறிட்டோம்! ஏறி முடித்த பிறகுதான் அவசரத்தின் காரணம் வெளியே வருகிறது. சென்தெனேரா, தபாரே தெருக்கள் சந்திக்கும் இடத்தில் இன்று இரவு அவள் கண்கள் காத்திருக்கின்றன.

இதில் ஏக்கமும் இல்லை, அழுகையும் இல்லை. வேலை முடிந்து காதலியைப் பார்க்கப் போகும் ஒருவரின் உற்சாகம் மட்டுமே. டாங்கோ என்றாலே சோகம் என்பவர்களுக்கு இந்தப் பாட்டை முதலில் போட்டுக் காட்டலாம்.

1931இல் வந்த 'எல் அகுவாசேரோ' இன்னொரு வகை. ஹோசே கொன்சாலேஸ் காஸ்தீயோவின் வரிகள், இசை அவர் மகன் கத்துலோ காஸ்தீயோ. முடிவே தெரியாத வெளியில் கிரீச்சிட்டுக்கொண்டு ஒரு மாட்டுவண்டி போகிறது, மழை வருகிறது. முழுக்க முழுக்க புல்வெளிப் பாட்டு.

பெண்ணைப் பயிரோடும் பூவோடும் சேர்த்துப் பாடுவது வெறும் அலங்காரமா?

பல பாட்டுகளில் அலங்காரம்தான். நல்ல கவிஞர்கள் கைப்பட்டால் அப்படி இல்லை. ஓமேரோ எக்ஸ்போசித்தோவின் 'ஃப்ளோர் தெ லீனோ' ஒரு வால்ஸ் பாட்டு, 1940களில் வந்தது. இசை ஹெக்தோர் ஸ்தாம்போனி. தலைப்புக்கு ஆளிப்பூ என்று பொருள். நாம் ஆளிவிதை என்று வாங்குகிறோமே, அந்தச் செடிதான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அர்ஜென்டினா உலகச் சந்தைக்கு ஆளிவிதையை மலையாகக் குவித்து அனுப்பியது. நீலப் பூ காலையில் விரியும், நண்பகலுக்குள் இதழ் உதிர்ந்துவிடும்.

பாட்டில் பேசுகிறவன் ஒரு குடியானவன். அவள் இரவுகளை இதழ் இதழாகப் பிய்த்துக்கொண்டு, அவன் ஒரு முத்தம் தருவான் என்று காத்திருந்தாள். அவனோ மண் தரப்போகும் பெரிய முத்தத்தைப் பற்றிக் கனவு கண்டுகொண்டிருந்தான். விளைச்சல் நினைப்பிலேயே இருந்தவனுக்கு, வெயிலில் முற்றிய வயல் மாதிரி பக்கத்தில் பூத்து நின்றவளைப் புரியவில்லை. புரிந்திருந்தால் இன்று என் குடிசையில் காதல் இருந்திருக்கும் என்கிறான். நிலத்தின் மீதுள்ள பற்றுதான் இங்கே காதலைக் கெடுத்தது. ஊர் ஏக்கப் பாட்டுகளில் நிலம் எப்போதும் நல்லதாகவே வரும். இதை மறுத்து எழுதியதால் எக்ஸ்போசித்தோவை நான் தனியாக மதிக்கிறேன்.

அவரும் தம்பி விர்ஹீலியோவும் சேர்ந்து 1944இல் தந்த 'நரான்ஹோ என் ஃப்ளோர்' பூத்த ஆரஞ்சு மரத்தைப் பற்றியது. நீரைவிட மென்மையாக, ஆற்றைவிடக் குளிர்ச்சியாக இருந்தவள் ஒரு கோடைத் தெருவில் ஒரு துண்டு வாழ்க்கையை விட்டுவிட்டுப் போனாள். முதலில் துன்பப்படத் தெரிய வேண்டும், பிறகு காதலிக்க, பிறகு பிரிய என்று போகும் அதன் பல்லவி அர்ஜென்டினாவில் மனப்பாடமாகத் தெரிந்த ஒன்று. இருவரும் வளர்ந்தது பரானா ஆற்றங்கரையில் இருக்கும் சாராத்தே என்ற சிறு நகரத்தில்.

கார்லோஸ் தி சார்லி இசையில், ஹெக்தோர் மார்க்கோ எழுதிய 'நீதோ கௌச்சோ' வேறு மனநிலை. குடிசைக்காரன் அவளுக்காகக் காத்திருக்கிறான். என் கொடிகள் பூக்கும், குருவி பாடும், தெற்கத்திக் காற்று உன் பெயரை என் கோதுமை வயல் மேல் தேனாகத் தூவும் என்கிறான். கொஞ்சம் அதிகமான இனிப்புதான், ஆனால் தி சார்லியின் பியானோ அதைத் தாங்கிப் பிடிக்கிறது.

இந்தப் பாட்டுகளில் பெண்ணைக் குற்றவாளியாக்குவது உறுத்தவில்லையா?

உறுத்துகிறது, உறுத்தவும் வேண்டும். 1920இல் வந்த 'மிலோங்கீத்தா'வைப் பாருங்கள். எஸ்தர்சீத்தா என்ற பெண் சிக்லானா தெருவிலேயே அழகானவள், பின்னலில் வெயில் முத்தமிட்டது. இப்போது காபரே என்ற இரவு நடன விடுதியில் இருக்கிறாள், பெயரும் மாறிவிட்டது. செலெதோனியோ ஃப்ளோரெஸின் 'மார்கோ'விலும் அதே கதை: மார்கரீத்தாவாக இருந்தவள் மார்கோ ஆகிவிட்டாள். பேட்டையில் இருந்தவரை நல்லவள், நகர மையத்துக்குப் போனதும் கெட்டவள் என்ற கணக்கு. அந்தப் பேட்டையில் அவளுக்கு என்ன இருந்தது என்று பாடுகிற ஆண் யோசிப்பதே இல்லை. சலவை, தையல், பட்டறை வேலை, எட்டுப் பேர் படுக்கும் ஓர் அறை. அவனுக்குத் தன் ஊர் மாறாமல் இருக்க வேண்டும், அந்த ஊரின் பாகமாக அவளும் மாறாமல் இருக்க வேண்டும். ஊரையும் பெண்ணையும் ஒன்றாக்கிப் பாடுவதில் அழகு இருப்பது போலவே இந்த அநியாயமும் இருக்கிறது.

கொடூரமான எடுத்துக்காட்டு, ஹுலியோ நவார்ரீனே எழுதி 1927இல் வெளிவந்த 'அ லா லுஸ் தெல் காந்தீல்'. கார்தெலும் பாடியிருக்கிறார். ஒரு கௌச்சோ காவல் அதிகாரியிடம் சரணடைய வருகிறான். உள்ளே வரலாமா ஐயா, இப்படி அலங்கோலமாக வந்ததற்கு மன்னிக்கணும் என்று பணிவாகத் தொடங்குகிறான். துரோகத்துக்கு அத்தாட்சி பையில் இருக்கிறது என்கிறான்: துரோகம் செய்த தன் பெண்ணின் பின்னலும், அவளோடு சேர்ந்தவனின் இதயமும். மற்ற பாட்டுகளில் ஏக்கத்தோடு நினைவு கூரப்படும் அதே பின்னல் இங்கே அறுக்கப்பட்டுப் பைக்குள் கிடக்கிறது. இந்தப் பாட்டைக் கேட்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பணிவான அந்தக் குரலில் மயங்கி, அவன் செய்தது கொலை என்பதை மறந்துவிடக் கூடாது.

பெண்கள் பாடினார்களா, எழுதினார்களா?

பாடினார்கள். அசுசேனா மைசானி, ரோசீத்தா கிரோகா, மெர்செதேஸ் சிமோனே, அதா ஃபால்கோன், லிபெர்தாத் லமார்க்கே என்று பெரிய வரிசை. மைசானி பல மேடைகளில் கௌச்சோ உடையிலோ ஆண் உடையிலோ வந்தார். பெரும்பாலான வரிகள் ஆணின் குரலில் இருந்ததால், பெண் பாடும்போது அவை வேறு பொருள் கொண்டன. கைவிட்டவள் என்று ஏசப்படும் இடத்தில் இருந்த ஒருத்தியே எழுந்து அந்த வலியைச் சொல்கிறாள். எழுதியவர்கள் குறைவு. மைசானி சொந்தமாகப் பாட்டுகள் அமைத்தார். 'எல் அதியோஸ்' என்ற அருமையான பிரிவுப் பாட்டுக்கு இசை மருஹா பச்சேக்கோ உவெர்கோ.

அம்மாவும் வீடும் ஏன் இத்தனை பாட்டுகளில் வருகின்றன?

போனவன் திரும்பி வருவதற்கு ஓர் இடம் வேண்டுமே. என்ரிக்கே காதீகாமோ எழுதிய 'லா காசீத்தா தெ மிஸ் வியேஹோஸ்' பாட்டில், இளமையைச் செலவழித்துத் தோற்றுப்போனவன் பெற்றோர் வீட்டுக்கு வருகிறான். பழைய வேலைக்காரர்தான் கதவைத் திறக்கிறார். உருவத்தை அடையாளம் தெரியவில்லை, குரலை வைத்துத்தான் கண்டுகொள்கிறார்.

இந்தக் கிராமத்து ஏக்கம் உண்மையானதா, விற்பனைக்காகச் செய்ததா?

இரண்டும் உண்டு. 1920களில் பாரிஸுக்குப் போன அர்ஜென்டினக் கலைஞர்கள் கௌச்சோ உடையில் மேடையேறினார்கள். உள்ளூர் இசைக்கலைஞர்களின் வேலையைக் காக்க அங்கே இருந்த விதிகளின்படி, வெளிநாட்டுக் குழு தேசிய உடையில் வரும் 'காட்சி'யாக இருந்தால்தான் இடம் கிடைத்தது. ஃபிரான்சிஸ்கோ கனாரோவின் குழுவும் 1925இல் அப்படித்தான் வாசித்தது. 1921இல் ருடால்ஃப் வாலன்டினோ ஒரு ஹாலிவுட் படத்தில் கௌச்சோ உடையில் டாங்கோ ஆடியதும் இந்த மோகத்தை ஏற்றிவிட்டது.

1945இல் வந்த 'அதியோஸ் பம்பா மீயா' புல்வெளிக்கு விடை சொல்லும் பாட்டு. கனாரோவும் மரியானோ மோரெஸும் இசை, வரிகள் ஈவோ பெலாய். நகரத்து இசை நாடகம் ஒன்றுக்காக எழுதப்பட்டது. ஆனால் உன் புல்லின் பச்சையும் நட்சத்திரங்களின் நடுக்கமும் என் கண்ணையும் உயிரையும் நிறைக்கின்றன என்ற இடம் வரும்போது அதெல்லாம் நினைவுக்கே வருவதில்லை. அரங்கில் கேட்டவர்கள் பாதிப்பேருக்குச் சொந்தப் புல்வெளி கிடையாது. அவர்களின் அப்பா அம்மாவின் ஊர் இத்தாலியின் கலாப்ரியாவிலோ ஸ்பெயினின் கலீசியாவிலோ இருந்திருக்கும். தாங்கள் இழந்த ஊருக்கு இந்தப் புல்வெளியின் பெயரை வைத்துக்கொண்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கார்தெலின் திரைப்படப் பாடல்களில் ஊர் வேறு மாதிரி இருக்கிறதே?

ஆமாம். அந்த வரிகளை எழுதியவர் அல்ஃப்ரேதோ லே பேரா. நியூயார்க்கில் 1934, 1935இல் எடுத்த படங்கள் ஸ்பானிய மொழி பேசும் எல்லா நாடுகளிலும் ஓட வேண்டும். அதனால் புவெனஸ் ஐரிஸின் கொச்சையையும் தெருப்பெயர்களையும் பெரும்பாலும் விட்டுவிட்டு எழுதினார். 'லெஹானா தியேர்ரா மீயா'வில் வரும் ஊரில் கோயில் மணி உண்டு, நிலா உண்டு, பூ நிறைந்த மாடத்தில் காதல் சத்தியம் உண்டு. எந்த நாட்டு ஊர் என்று சொல்ல முடியாது. யாரும் தன் ஊரை அங்கே வைத்துக்கொள்ளலாம். 'வோல்வேர்' பாட்டில் திரும்பி வருகிறவனுக்கு 20 ஆண்டுகள் ஒன்றுமே இல்லை. மான்சியின் சேறும் தீவன வாசனையும் எனக்கு இன்னும் நெருக்கம், ஆனால் லே பேராவின் பொதுமை தான் டாங்கோவை உலகத்துக்குக் கொண்டுபோனது. கார்தெலும் லே பேராவும் 1935 ஜூன் 24 அன்று கொலம்பியாவின் மெதெயீனில் நடந்த விமான விபத்தில் இறந்தார்கள்.

டாங்கோ, மிலோங்கா, வால்ஸ் என்ன வித்தியாசம்?

வால்ஸ் மூன்று தட்டு, சுழலும் நடை. மிலோங்கா துள்ளலான இரண்டு தட்டு, கிராமத்து வாடை அதில் அதிகம். டாங்கோ அதைவிட நிதானமும் கனமும் கொண்டது. ஊர்க் காதலைப் பாட வால்ஸைத் தேர்ந்தெடுத்த கவிஞர்கள் பலர்.

ஸ்பானிய மொழி தெரியாமல் ரசிக்க முடியுமா?

முடியும். பாட்டின் கதையை முன்கூட்டித் தெரிந்துகொண்டால் போதும். அகராதியை நம்பி இறங்கினால் லுன்ஃபார்தோ என்ற நகரத்துக் கொச்சையும் கௌச்சோ பேச்சுவழக்கும் குழப்பும். ஊர், தெரு, செடிப் பெயர்களைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பதிவுகளிலிருந்து தொடங்கலாம்?

'காமினீத்தோ'வுக்குக் கார்தெல் அல்லது இக்னாசியோ கோர்சீனி. கோர்சீனியின் குரலில் நாட்டுப்புறச் சாயல் கூடுதல். 'மனோபிளாங்கா'வுக்கு அங்ஹெல் தாகோஸ்தீனோ குழுவில் அங்ஹெல் வர்காஸ், 'நீதோ கௌச்சோ'வுக்குத் தி சார்லி குழுவில் அல்பெர்த்தோ பொதெஸ்தா 1942இல் பாடியது. 'பார்ரியோ தெ தாங்கோ' என்ற இன்னொரு மான்சி பாட்டையும் விட்டுவிடாதீர்கள். த்ரோய்லோ குழுவில் ஃபியோரென்தீனோ பாடியது. ரயில் மேட்டுக்குப் பக்கத்தில் தூங்கும் பொம்பேயா, குட்டையில் தவளை, நிலாவைப் பார்த்துக் குரைக்கும் நாய் எல்லாம் அதில் இருக்கின்றன. 'சூர்' பாட்டுக்கு த்ரோய்லோவும் ரிவேரோவும் 1948இல் செய்ததை முதலில் கேளுங்கள். பிறகு ரொபேர்த்தோ கோயெனேச்சே வயதான காலத்தில் பாடியதைக் கேளுங்கள். ரிவேரோ அந்தத் தெற்கை நமக்கு வரைந்து காட்டுகிறார். கோயெனேச்சே பாதி பேசிப் பாதி பாடுகிறார், குதிரை மசால் வரும் வரியில் மூச்சை விட்டுத்தான் அடுத்த சொல்லை எடுக்கிறார்.